தொழுகை இல்லாத நாட்கள் நிற்கும் வயதில்



அன்புச் சகோதரிகளே! இந்த மாதக் குடும்ப நலப் பாடம் பெண்களின் சங்கதி என்று நினைத்து ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் உம்மாவுக்கும் மனைவிக்கும் ராத்தாவுக்கும் வருகிற காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைசியில் உங்களுக்கும் சில வரிகள் இருக்கின்றன.

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன், ரமளானுக்குச் சில நாட்கள் இருக்கையில் ஒரு சகோதரி எனக்குப் போன் செய்தார். வயது 57. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. "ஆலிமா, ரெண்டு நாளா லேசாப் படுது. தொழலாமா? நோன்பு புடிக்கலாமா?" என்று கேட்டார். எத்தனை நாள், என்ன நிறம், எந்த மத்ஹப் என்று விசாரித்து, மதரஸாவில் படித்தபடி மஸ்அலாவைச் சொன்னேன். "ஜஸாக்கல்லாஹ்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் சொன்ன சட்டம் சரிதான். ஆனால் "ராத்தா, டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான். அப்படியும் தோன்றவில்லை. அவருக்கு அதற்குப் பிறகும் விட்டுவிட்டு வந்திருக்கிறது. சட்டம் தெரிந்துவிட்டதால் குளித்துத் தொழுதுகொண்டு இருந்துவிட்டார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து போக்கு அதிகமான பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். கர்ப்பப்பையில் புற்றுநோய். அது கர்ப்பப்பையைத் தாண்டியும் பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, அதன்பின் கதிர்வீச்சு என்று அந்தக் குடும்பம் ஒரு வருடம் அலைந்தது. முதல் தடவை பட்டபோதே வந்திருந்தால் அறுவை சிகிச்சையோடு முடிந்திருக்க வாய்ப்புண்டு என்று மருத்துவர் சொன்னாராம். அல்லாஹ்வின் கிருபையால் இன்று நம்மோடு இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான், பெயர் போடாமல் இதை எழுதுகிறேன்.

ரத்தம் பட்டால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தொழலாமா என்பது ஒன்று, ஏன் வருகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆலிமா பதில் சொல்லலாம். இரண்டாவதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் கிடைத்ததால் மற்றதை விட்டுவிடக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படியுங்கள்.

உடலில் என்ன நடக்கிறது?

பெண்ணின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பைத் தருகின்றன. நாற்பதைத் தாண்டியபின் அந்தச் சுரப்பு ஏறி இறங்கத் தொடங்குகிறது. மாதவிடாய் சில மாதம் முந்தும், சில மாதம் தள்ளிப் போகும், ஒரு மாதம் அதிகமாகப் படும், அடுத்த மாதம் வராது. இப்படிச் சில வருடங்கள் ஓடும். தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன் கரு தரிக்கவும் வாய்ப்புண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேலை நாடுகளில் 51 ஆகிறது. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அது இயல்பு அல்ல, பரிசோதிக்க வேண்டும். அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்கு எந்த வயதானாலும் உடனே இந்த நிலை வந்துவிடும்.

இது நோயல்ல. பருவமடைவதைப் போல இதுவும் ஒரு பருவம். குர்ஆனில் அத்தலாக் அத்தியாயத்தின் 4ஆம் வசனம், மாதவிடாய் நின்றுபோன பெண்களைத் தனியாகக் குறிப்பிட்டு, தலாக்கில் அவர்களுடைய இத்தா மூன்று மாதம் என்கிறது. இறைவேதமே வெளிப்படையாகச் சொன்ன ஒன்றை நாம் வீட்டுக்குள் வாய்திறந்து பேசக் கூச்சப்படுவது சரியா என்று யோசியுங்கள்.

திடீர்ச் சூடும் வியர்வையும்

நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஒரு சூடு ஏறும். வியர்த்துக் கொட்டும். படபடக்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும், அதன்பின் குளிர்வது போலிருக்கும். மூளையில் உடல் சூட்டைக் கணக்குப் பார்க்கிற ஓர் இடம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அது கொஞ்சம் சூடு கூடினாலும் ‘அதிகம்’ என்று எடுத்துக்கொண்டு வியர்வையைத் திறந்துவிடுகிறது. சிலருக்கு இது ஒரு வருடத்தில் போய்விடும். அமெரிக்காவில் பெண்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கு மேலும் நீடித்தது தெரிந்தது. அதனால் "இன்னுமா உனக்கு?" என்று யாரும் கேலி செய்ய வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை இவை:

1. சூடு ஏறும் நேரத்தையும், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே இருந்தீர்கள் என்பதையும் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். ஒருவருக்குக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் டீ, ஒருவருக்குக் காரமான சால்னா, ஒருவருக்கு மூடிய அடுப்படி. உங்களுக்கு எது என்று தெரிந்தால் அதைக் குறைக்கலாம்.

2. வீட்டிலும் அபாயாவுக்கு உள்ளேயும் பருத்தி உடுத்துங்கள். நைலான், பாலியஸ்டர் துணி வியர்வையை உள்ளேயே அடைத்துவைக்கும். தொழுகைக்கென்று தனியாக மெல்லிய பருத்தியில் ஒரு மக்கனா வைத்துக்கொள்ளுங்கள்.

3. உடல் எடை கூடியிருந்தால் குறையுங்கள். சூடு ஏறுவதைக் குறைக்கும் என்று ஆய்வுகளில் தெரியவந்த வழிகளில் எடைக் குறைப்பும் ஒன்று.

4. சூடு ஏறும்போது உட்கார்ந்து மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள். திக்ரும் அப்படித்தான் நிதானமாக ஓதுங்கள். இதனால் வியர்வை குறையும் என்று சொல்லமாட்டேன், ஆனால் படபடப்பும் பயமும் அடங்கும்.

ரமளானில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவாருங்கள். நோன்புக் கஞ்சி நல்லது. அதோடு சேரும் சமோசாவும் வடையும்தான் எடையை ஏற்றுகின்றன. ஸஹரில் கடுங்காப்பி, கடுந்தேநீர் வேண்டாம். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் நேரத்தையும் அளவையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

தூக்கமும் மனமும்

இரவு வியர்த்து விழித்தால் மறுபடி தூக்கம் பிடிக்காது. தூக்கம் கெட்டால் மறுநாள் சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும். அடுப்படியில் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகும். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து என்னிடம் அழுத சகோதரிகள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

இஷாவுக்குப் பின் போனை எடுத்து வைத்துவிடுங்கள். அஸருக்குப் பின் டீ, காபி வேண்டாம். பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தாலோ, வாழ்வதே பாரம் என்று தோன்றினாலோ, அது ஈமான் குறைவு அல்ல. அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

படபடப்பும் வியர்வையும் மறதியும் தைராய்டாலும் வரும், ரத்தசோகையாலும் வரும். எல்லாவற்றையும் இந்த வயதின் தலையில் போட்டுவிடாமல், ஒரு தடவை தைராய்டும் ஹீமோகுளோபினும் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலும்புக்கு வேண்டியது அடுப்படியில் இருக்கிறது

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வேகமாகத் தேய்கிறது. வெளியே எதுவும் தெரியாது. ஒளூச் செய்யும் இடத்தில் வழுக்கி விழும் அன்றுதான் மணிக்கட்டும் இடுப்பும் சொல்லும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை.

ஒரு தம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350, அதே அளவு முருங்கைக் கீரையில் 300க்கு மேல். ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 80க்கு மேல். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் நல்லது. கருவாடாக இருந்தால் உப்பைக் கழுவி, அளவோடு. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் முருங்கைக் கீரை, மாலையில் எள்ளுருண்டை, இரவில் ஒரு தம்ளர் பால் என்று வைத்துக்கொண்டால் பாதிக்கு மேல் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

பெண்பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறோம். அதே உம்மாவுக்கு ஐம்பது வயதில் யாரும் கிண்டிக் கொடுப்பதில்லை. பிள்ளைகளுக்கும் கணவருக்கும் கறியை வைத்துவிட்டு ஆணத்தைத் தொட்டுச் சாப்பிடுகிற பழக்கத்தை இந்த வயதிலாவது விடுங்கள். உளுந்து, பருப்பு, முட்டை, மீன் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் உங்கள் தட்டில் இருக்கட்டும். தசைக்கு அது வேண்டும்.

மருத்துவர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடலில் சரியாகச் சேராது.

வெயிலும் நடையும்

சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதை வெயில்தான் தோலில் உண்டாக்குகிறது. வீட்டுக்குள் இருந்து, வெளியே போகும்போது முழுக்க மூடிக்கொள்கிற நமக்கு இது குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலால் பயனில்லை. மொட்டைமாடியில் மற்றவர் பார்வை படாதபடி ஒரு தடுப்புக் கட்டிக்கொண்டு, முகத்திலும் முழங்கை வரையிலும் வெயில் படும்படி வாரத்தில் நாலைந்து நாள், 20 முதல் 30 நிமிடம் இருங்கள். 11 மணியிலிருந்து 2 மணிக்குள் வரும் வெயிலில்தான் இந்தச் சத்து அதிகம் உண்டாகும். துணி காயப் போடும் வேலையை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டாலே போதும். சித்திரை வெயிலில் மட்டும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் மிகக் குறைவு என்று தெரிந்தால் 60,000 யூனிட் மருந்து எழுதுவார்கள். அது வழக்கமாக வாரம் ஒன்றுதான். தினமும் போடுவது என்று தவறாக எண்ணிச் சாப்பிட்டால் ஆபத்து. சீட்டை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துக் கேளுங்கள்.

நடை வாரத்தில் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். சுப்ஹுக்குப் பின் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடந்தால் பாதுகாப்பும் உண்டு, பேச்சுத் துணையும் உண்டு. வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்பார்கள், தொழுகையே போதும் என்பாரும் உண்டு. தொழுகை இபாதத். மூட்டுக்கும் நல்லதுதான். ஆனால் நடைக்கு அது ஈடாகாது. நாற்காலியில் கைவைக்காமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது, ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்கி இறக்குவது போன்றவை எலும்புக்கும் தசைக்கும் பலம் தரும்.

நாட்டு மருந்து விஷயத்தில்

கருஞ்சீரகம், தேன், பேரீச்சம்பழம், வெந்தயம் ஆகியவை நம் வீடுகளில் எப்போதும் இருப்பவை. உணவின் அளவில் சாப்பிடுவதில் தவறில்லை. மருந்தின் அளவில் எடுப்பதாயிருந்தால் யோசியுங்கள். வெந்தயமும் கருஞ்சீரகமும் சர்க்கரையைக் குறைக்கக் கூடியவை. மாத்திரையோடு சேரும்போது தாழ்சர்க்கரை வரலாம். தேனும் பேரீச்சம்பழமும் சர்க்கரையை ஏற்றும். சோயா சூட்டைத் தணிக்குமா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சாப்பிட்டால் புரதம் கிடைக்கும், அவ்வளவுதான்.

லேபிள் இல்லாத பொடிகளையும் லேகியங்களையும் தயவுசெய்து வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பல இடங்களில் பிடிபட்டிருக்கின்றன. முதலில் வலியெல்லாம் பறந்தது போலிருக்கும், பிறகு எலும்பையே அரிக்கும். யூனானி, சித்த மருத்துவம் பார்ப்பதானால் பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவரிடம் பாருங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் அவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவும் செய்து, அப்படியும் தூங்க முடியாமல், வேலை செய்ய முடியாமல் இருந்தால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மருந்து உண்டு. ஹார்மோன் சிகிச்சையும் உண்டு. 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வுக்குப் பின் அதைப் பற்றிப் பெரிய பயம் பரவியது. 60 வயதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகாத, வேறு தடை இல்லாத பெண்களுக்குத் தீமையைவிட நன்மையே அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் பொதுவாக இது ஆகாது. உங்களுக்குப் பொருந்துமா என்பதை மகப்பேறு மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது.

கூச்சத்தால் சொல்லாதவை

இந்த வயதில் பெண்ணுறுப்பு உலர்ந்து எரிச்சல் தரும். தாம்பத்தியத்தில் வலி வரும். நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். மனைவி ஒதுங்குகிறாள் என்று கணவர் நினைத்துக்கொள்கிறார், மனைவி வலியை வெளியே சொல்வதில்லை. இதற்கென்று தண்ணீர் கலந்த மசகுக் களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதில் தீராவிட்டால் மருத்துவர் எழுதித்தரும் களிம்பு நன்றாக வேலை செய்யும். உள்ளே சோப்போ, கிருமிநாசினியோ போட்டுக் கழுவாதீர்கள். தண்ணீர் போதும்.

இருமினால், தும்மினால் சிறுநீர் சொட்டுவது இன்னொன்று. ஒளூ நிற்கவில்லையே என்று பள்ளிக்கும் பயான்களுக்கும் வருவதை நிறுத்திவிட்டவர்கள் உண்டு. சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி, ஐந்து வினாடி பிடித்து, விடுங்கள். ஒரு நேரத்துக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று நேரம். மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் குறைகிறது. தொடர்ந்து சொட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்து, ஒளூச் செய்து தொழலாம். விவரத்தை உங்கள் மத்ஹபின்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுகை, நோன்புக் கணக்கு

மாதவிடாய் ஒழுங்கு தவறும் வருடங்களில் குழப்பம் வருவது இயல்பு. ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளு குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும், கூடினால் 15 நாள். ஹனஃபி மத்ஹபில் குறைந்தது 3 நாள், கூடினால் 10 நாள். இரண்டிலும் இரு ஹைளுக்கு இடையே சுத்த நாட்கள் குறைந்தது 15. இந்த வரையறைக்குள் அடங்காத ரத்தம் இஸ்திஹாளா. அதற்காகத் தொழுகையையும் நோன்பையும் விடக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு ரத்தம் நிற்பதில்லை என்று நேரில் வந்து கேட்டுத் தெளிவு பெற்றார்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஒவ்வொரு தடவையும் தொடங்கிய தேதி, நின்ற தேதி, நேரம், அளவு ஆகியவற்றைக் காலண்டரில் குறித்து வையுங்கள். விடுபட்ட நோன்புகளையும் அங்கேயே எழுதி, அடுத்த ரமளானுக்குள் களாச் செய்துவிடுங்கள். அதே காலண்டர் ஆலிமாவுக்கும் உதவும், மருத்துவருக்கும் உதவும்.

தாமதிக்கக் கூடாதவை

1. மாதவிடாய் நின்று 12 மாதம் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். இப்படிப் படுகிற பத்துப் பேரில் சுமார் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது. மற்ற ஒன்பது பேருக்கும் வேறு சாதாரணக் காரணம்தான். அதனால் பயந்து ஒளிய வேண்டாம். அந்த ஒருவர் யார் என்பதை ஸ்கேனும் சதைப் பரிசோதனையும்தான் சொல்லும். கர்ப்பப்பை உட்சுவரின் புற்றுநோயைத் தொடக்கத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

2. நிற்பதற்கு முந்தைய வருடங்களில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு போக்கு, பெரிய கட்டிகள், தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம்.

3. மார்பில் கட்டி, காரணமின்றி எடை குறைதல், வயிறு உப்பியே இருத்தல்.

4. நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல். இந்த வயதுக்குப் பின் பெண்களுக்கும் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது.

ரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவசம். பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டு அறிந்து போகலாம்.

ஆண்களுக்குச் சில வரிகள்

மனைவி கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படாமல் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள். இரவில் மின்விசிறியைக் கூட்டினால் போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். அவர் தன் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார், மகளின் சீருக்கென்று சேர்த்து வைப்பார். அதனால் நீங்களே அழைத்துப் போங்கள். அந்தச் சகோதரியின் கணவர் என்னிடம் சொன்னார்: "அவ சொல்லல, நானும் கேக்கல, ஆலிமா." எனக்குள்ளும் இருக்கும் வருத்தம் அதுதான்.

இப்போது அறக்கட்டளைக்கு இப்படிப் போன் வந்தால் மஸ்அலாவுக்கு முன்பே "மருத்துவரிடம் எப்போது போகிறீர்கள்?" என்று கேட்டுவிடுகிறேன். தனியாகப் போகக் கூச்சமென்றால் கூடவே போகிறேன்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை மூன்று. காலண்டரில் குறிக்கத் தொடங்குங்கள். மொட்டைமாடியில் தடுப்புக் கட்டுங்கள். இந்தப் பாடத்தை உங்கள் உம்மாவிடமோ மாமியிடமோ வாசித்துக் காட்டி, "உங்களுக்கு இப்படி ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். சிலர் முதல் தடவை இல்லை என்பார்கள். இரண்டாம் தடவையும் கேளுங்கள்.

நம் பெண்மக்கள் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்